கரண்ட் எடுப்பதா, வேண்டாமா? மோட்டார்ஹோமில் கிளம்பும் நம்மவர்களுக்கு ஒரு கணக்கு

சிங்கப்பூரில் கேம்பிங் என்றால் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், சாங்கி கடற்கரை. தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி வாங்கி, கூடாரத்தையும் ஒரு பவர் பேங்கையும் தூக்கிக்கொண்டு போனால் போதும். வண்டியையே வீடாக்கி, அதைக் கம்பத்தில் செருகி மின்சாரம் எடுத்துத் தூங்கும் பழக்கம் இந்த ஊரில் இல்லை. அதனால் நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ மோட்டார்ஹோம் எடுக்கும் நம் குடும்பங்கள், வண்டியைப் பற்றி எல்லாம் விசாரித்துவிட்டு, தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போது தடுமாறுகின்றன. ‘பவர்டு சைட்’ (மின் கம்பம் உள்ள மனை, அதாவது வண்டி நிறுத்தும் இடம்) ஒரு விலை, ‘நான்-பவர்டு சைட்’ (கம்பம் இல்லாத மனை) ஒரு விலை என்று இரண்டு வரி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் என்ன கிடைக்கிறது என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

நவம்பர் பிறந்துவிட்டால் எனக்கு இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வராத வாரமே இல்லை. “அண்ணே, கரண்டுக்கு ஒரு ராத்திரிக்குப் பத்து வெள்ளி கூடக் கேக்குறாங்க. எடுக்கவா, விடவா?” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டிக்குள் எதையெல்லாம் சூடாக்கப் போகிறீர்கள், எதையெல்லாம் குளிர்விக்கப் போகிறீர்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதி முடிவு தானாக வரும். கைப்பேசி எத்தனை, மடிக்கணினி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை நம் வீட்டுக் கரண்ட் பில்லை வைத்தே பார்க்கலாம். ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, அண்மைய ஆண்டுகளில் இங்கே ஏறத்தாழ 30 காசு. ஒரு கைப்பேசியை முழுக்க சார்ஜ் செய்ய சுமார் 15 வாட் மணி போகும். நான்கு பேருடைய கைப்பேசிக்கும் சேர்த்து 2 காசு. எல்இடி விளக்குகள் மாலை முழுவதும் எரிந்தால் 3 காசு. 500 வாட் ரைஸ் குக்கர் 40 நிமிடம் ஓடினால் 10 காசு. கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 3, 4 காசு. கம்ப்ரெசர் வைத்த சின்ன ஃபிரிட்ஜ் ஒரு முழு நாளுக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். இரண்டு வேளை சோறு வைத்து, ஐந்தாறு தடவை தேநீர் போட்டு, ஃபிரிட்ஜையும் ஓடவிட்டால் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். 70 காசு என்று வையுங்கள்.

இப்போது 2,000 வாட் ஃபேன் ஹீட்டரைச் சேர்த்துப் பாருங்கள். இரவு பத்து மணி நேரத்தில் தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்துவைத்தாலும் 10 யூனிட். விடாமல் ஓடினால் 20 யூனிட், அதாவது 6 வெள்ளி. வண்டியில் உள்ள மற்ற எல்லாமே சேர்ந்து எடுப்பதைப்போலப் பல மடங்கை இந்த ஒரு பெட்டி எடுத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் டிசம்பர், ஜனவரியில் கூரை ஏர்கோனைப் போட்டுத் தூங்குகிறவர்களுக்கும் கதை இதேதான். அது ஓடும்போது ஒன்று முதல் ஒன்றரை கிலோவாட் வரை இழுக்கும்.

நாட்டுக்கு நாடு யூனிட் விலை மாறும், இந்த விகிதம் மாறாது. ஆகவே ஒரு கேம்ப்சைட் கரண்டுக்கென்று ராத்திரிக்குப் பத்து டாலர் கூடுதலாக வாங்கினால், கோடைக்காலத்தில் நாம் உபயோகிக்கும் மின்சாரத்தின் விலை அதில் சின்னப் பங்குதான். மீதி, நிலத்தடியில் கேபிள் இழுத்த செலவு, கம்பம், பிரேக்கர், பராமரிப்பு. பல இடங்களில் கம்பமுள்ள மனைதான் சமதளமாக, சரளை போட்டு, குளியலறைக்குப் பக்கமாக இருக்கும். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் விலை. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் ‘கரண்டுக்குக் காசு’ என்று நினைத்துக்கொண்டு கொடுப்பதற்கும், இது இடத்துக்கான வாடகை என்று தெரிந்து கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. தெரிந்தவர், தேவைப்படாத இரவில் தயங்காமல் விட்டுவிடுவார்.

கம்பத்தில் என்ன இருக்கிறது

இடுப்பு உயரக் கம்பம். நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் மூடியைத் தூக்கினால் நீல நிறத்தில் வட்டமான சாக்கெட் இருக்கும். வண்டியோடு வரும் தடித்த கேபிளின் நுனியில் அதற்கேற்ற நீலப் பிளக். ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு வழக்கமான தட்டைப் பின் பிளக்தான், எர்த் பின் மட்டும் அகலமாக இருக்கும் 15 ஆம்பியர் வகை. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிரேக்கர், அதில் ஓர் எண். அந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள். அதை 230-ஆல் பெருக்கினால் ஒரே நேரத்தில் எத்தனை வாட் இழுக்கலாம் என்று வந்துவிடும். 16 என்றால் 3,680 வாட். 10 என்றால் 2,300. 6 என்றால் 1,380.

10 ஆம்பியர் கம்பத்தில் ஹீட்டர் 2,000 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா தேநீருக்கு 2,000 வாட் கெட்டிலைப் போடுகிறார். மொத்தம் 4,000. சற்று நேரத்தில் பிரேக்கர் விழும், ஹீட்டரும் நிற்கும். சில கேம்ப்சைட்டுகளில் அந்தப் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பார்கள். அலுவலகம் சாத்திய பிறகு இது நடந்தால் திறந்துவிட ஆள் தேட வேண்டும். கெட்டிலைப் போடும் ஐந்து நிமிடத்துக்கு ஹீட்டரை அணைத்தால் இந்தத் தொல்லை கிடையாது. வீட்டில் இந்தக் கட்டுப்பாடு நமக்குப் பழக்கமில்லை, அதனால் கிளம்பும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று. கேபிளைச் சுருளிலிருந்து முழுவதும் அவிழ்த்து விடுங்கள். சுற்றிய நிலையில் ஹீட்டர் ஓட்டினால் கேபிள் சூடேறும், உறை உருகும் அபாயம் உண்டு. முதலில் வண்டியில் செருகி, பிறகு கம்பத்தில் செருக வேண்டும். கழற்றும்போது முதலில் கம்பம், பிறகு வண்டி.

வாடகைக்குள்ளேயே கரண்ட்

நியூசிலாந்தின் ஹாலிடே பார்க்குகளில், அதாவது மோட்டார்ஹோம், கூடாரங்களுக்கான கட்டண முகாம்தளங்களில், பெரும்பாலும் இந்த முறைதான். பவர்டு சைட் எடுத்தால் மின்சாரத்துக்குத் தனி அளவு கிடையாது. எவ்வளவு இழுத்தாலும் ஒரே விலை. குளிரில் நடுங்கும் குடும்பத்துக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை. ஜூன் விடுமுறைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. நமக்கு ஜூன் பள்ளி விடுமுறை, தென் தீவுக்கு அது குளிர்காலம். டெக்காப்போ ஏரிப் பக்கம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஹீட்டரை விடிய விடிய ஓட்டினாலும் கூடுதலாக ஒரு காசு கேட்கமாட்டார்கள்.

ஆனால் நம் குடும்பங்கள் கவனிக்காமல் விடும் ஓர் இடம் இங்கேதான் இருக்கிறது. அங்கே பல பார்க்குகள் மனைக்கு இவ்வளவு என்று வாங்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. பவர்டு சைட்டுக்கும் நான்-பவர்டு சைட்டுக்கும் ஆளுக்கு 5 டாலர்தான் வித்தியாசம் என்று ஒரு கணக்குக்கு வைப்போம். கணவன் மனைவி இருவருக்கு அது 10 டாலர். அப்பா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் 20. கம்பத்தில் செருகுவது அதே ஒரு கேபிள், ஓடுவது அதே ஒரு ஃபிரிட்ஜ். ஆள் கூடியதால் மின்சாரம் அவ்வளவாகக் கூடுவதில்லை, கட்டணம் மட்டும் கூடுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் அதுதான் அங்குள்ள நடைமுறை. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் இருவருக்கான மனைக்கு ஒரு விலை, கூடுதல் ஆளுக்குத் தனி விலை என்று இருக்கும். அதனால் இரண்டு நாடுகளின் விலையை ஒப்பிடும்போது, எல்லார் எண்ணிக்கையையும் போட்டு வரும் கடைசித் தொகையைப் பாருங்கள். முகப்பில் தெரியும் விலையை நம்ப வேண்டாம்.

ஹாலிடே பார்க்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது பொதுச் சமையலறை. அடுப்பு, கெட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் அங்கே இருக்கும். நான்-பவர்டு சைட் எடுத்தவரும் அதே சமையலறையை உபயோகிக்கலாம், குளியலறையையும் உபயோகிக்கலாம். மாலையில் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சோறு வைத்து, சாம்பாரைக் கொதிக்கவிட்டு, கூடவே கைப்பேசிகளையும் சார்ஜ் செய்துகொண்டு வந்துவிடலாம். வண்டிக்குள் மசாலா வாசனை தங்காமலும் இருக்கும். டிசம்பரில் இந்த வழியைப் பலருக்குப் பரிந்துரைக்கிறேன். அந்த மாதத்தில் தென் தீவில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது. விளக்குக்கே அதிக வேலை இல்லை.

நம் வீட்டு ரைஸ் குக்கர் அங்கே ஓடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும். இங்கும் 230 வோல்ட், அங்கும் 230 வோல்ட். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா இரண்டுக்கும் பிளக் அடாப்டர் மட்டும் வேண்டும். பிரிட்டனில் அதுகூட வேண்டாம், நம் மூன்று பின் பிளக் அவர்களுடையதுதான். ஜப்பான் போகிறவர்கள் மட்டும் வீட்டுக் குக்கரை எடுத்துப்போக வேண்டாம். அங்கே 100 வோல்ட், சோறு வேகாது.

கம்பமே இல்லாமல்

மவுண்ட் குக் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் என்ற முகாம்தளம் இருக்கிறது. நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்துவது. அங்கே மின் கம்பம் கிடையாது. துறையின் முகாம்தளங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். ஹாலிடே பார்க்கை விட விலை குறைவு, காட்சியோ பணம் கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காதது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் இரவு தங்க விரும்பினால் வண்டி தன் காலில் நிற்க வேண்டும்.

வாடகை மோட்டார்ஹோமில் என்ஜின் பேட்டரி தவிர வீட்டுப் பேட்டரி ஒன்று தனியாக இருக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்பது சாதாரண அளவு. பழைய ஈய-அமில வகை என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் பேட்டரி கெடும். பாதி என்பது 0.6 யூனிட். விளக்கும் கைப்பேசியும் மட்டும் என்றால் மூன்று நாள் தாங்கும். கம்ப்ரெசர் ஃபிரிட்ஜும் அதிலேயே ஓடினால் ஒரு நாள் தாண்டுவது சிரமம். லித்தியம் பேட்டரியில் அதே அளவுக்கு இன்னும் அதிகம் கிடைக்கும். ஃபிரிட்ஜ் எரிவாயுவில் ஓடும் வகை என்றால் பேட்டரிக்குக் கவலையே இல்லை.

இதில் நமக்குச் சாதகம், நாம் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. சிங்கப்பூர்க் குடும்பம் பத்து நாள் விடுப்பில் தீவையே சுற்றிவிடப் பார்க்கும். தினமும் மூன்று, நான்கு மணி நேரம் வண்டி ஓடினால் என்ஜினே வீட்டுப் பேட்டரியை நல்ல அளவுக்கு நிரப்பிவிடும். கூரையில் 100 வாட் சோலார் தகடு இருந்தால் தெளிவான கோடை நாளில் 0.3 அல்லது 0.4 யூனிட் சேரும். ஆகவே டிசம்பரில், தினமும் ஊர் மாறும் பயணத்தில், ஒவ்வோர் இரவும் கம்பம் தேடுவது வீண் செலவு.

ஒரு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாடகை வண்டிகள் பலவற்றில் சுவர் சாக்கெட்டும் மைக்ரோவேவும் கம்பத்தில் செருகினால்தான் உயிர் பெறும். பேட்டரியில் விளக்கு, தண்ணீர்ப் பம்பு, யூஎஸ்பி துளை இவைதான் ஓடும். பேட்டரி மின்சாரத்தைச் சாக்கெட்டுக்கு ஏற்ப மாற்றித்தரும் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். குழந்தைக்குப் பால் சூடாக்கும் கருவி, தலைமுடி உலர்த்தி இவற்றை நம்பி மலை அடிவாரத்துக்குப் போய்விட்டு அங்கே சாக்கெட் செத்துக் கிடந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமான கேள்வி ஹீட்டர் எதில் ஓடுகிறது என்பது. பல வாடகை வண்டிகளுக்கு ஒரு ஃபேன் ஹீட்டரைத் தருவார்கள், அது கம்பம் இருந்தால்தான் ஓடும். சில வண்டிகளில் டீசல் ஹீட்டர் பொருத்தியிருக்கும். அது வண்டியின் டீசலையே குடித்து, வெளியே புகையை விட்டு, உள்ளே சூடான காற்றை மட்டும் அனுப்பும். ஒரு லிட்டர் டீசலில் கிட்டத்தட்ட 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஒரு குளிர் இரவுக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும். விசிறிக்குக் கொஞ்சம் பேட்டரி போகும், அவ்வளவுதான். டீசல் ஹீட்டர் உள்ள வண்டி கிடைத்தால் ஜூன் மாதத்தில்கூடக் கம்பத்தின் தேவை பாதியாகக் குறைந்துவிடுகிறது. வண்டிகளை ஒப்பிடும்போது படுக்கை எத்தனை, ஆண்டு என்ன என்று பார்ப்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சமையல் அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்கும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். எவ்வளவு குளிரானாலும் இதில் சமரசம் கிடையாது.

காசு எதுவும் கொடுக்காமல் சாலையோரத் திறந்தவெளிகளில் தங்கலாம் என்று கேள்விப்பட்டவர்களுக்கு: நியூசிலாந்தில் 2023-இல் வந்த சட்டம் விதிகளை இறுக்கிவிட்டது. நிலையாகப் பொருத்திய கழிப்பறையோடு சான்றிதழ் பெற்ற வண்டியாக இருக்க வேண்டும் என்பது இப்போதைய பொது நிலை. வண்டி எடுக்கும்போதே அந்தச் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர், ஆம்பியர், நாணயம்

ஐரோப்பாவில் கேரவன் எடுக்கும் நம்மவர்கள் குறைவு. ஆனால் லண்டனில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போய், அப்படியே பிரான்ஸ், ஜெர்மனி என்று சுற்றுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அங்கே கணக்கு வேறு.

பிரான்ஸில் பல முகாம்தளங்கள் ஆம்பியர் கணக்கில் விற்கின்றன. 6 ஆம்பியருக்கு ஒரு விலை, 10 ஆம்பியருக்கு அதைவிடக் கூடுதல். குறைந்ததை எடுத்தால் கஷ்டப்படுவோமோ என்று பயந்து எல்லாரும் பெரியதை எடுக்கிறார்கள். அவசியமில்லை. 6 ஆம்பியர் என்பது 1,380 வாட், ஒரு நாள் முழுவதும் எடுத்தால் 33 யூனிட். நம் ஒரு நாள் தேவைக்கு அது தாராளம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ரைஸ் குக்கர் ஓடும், 750 வாட் பயணக் கெட்டில் ஓடும், இரண்டையும் சேர்த்துக்கூட ஓட்டலாம். 2,000 வாட் கெட்டிலை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் சின்ன ஆம்பியரே போதும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் மீட்டர் வழக்கம் அதிகம். வரும்போது அளவு, போகும்போது அளவு, நடுவில் ஓடிய யூனிட்டுக்குப் பணம். சில இடங்களில் ஒரு தடவை இணைப்புக் கட்டணமும் வாங்குவார்கள். எல்லா முறைகளிலும் இதுதான் நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து. கோடையில் இரண்டு யூனிட் எடுத்தவர் இரண்டுக்குக் கொடுப்பார், பனிக்காலத்தில் இருபது எடுத்தவர் இருபதுக்குக் கொடுப்பார். ஆனால் ஒன்றிரண்டு இரவு மட்டும் தங்குபவருக்கு இணைப்புக் கட்டணமே யூனிட் விலையை விழுங்கிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால்தான் மீட்டரின் லாபம் தெரியும். வந்ததும் மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் பக்கத்து மனையின் மீட்டரும் சேர்ந்திருக்கும், எது நமது என்று அலுவலகத்தில் காட்டச் சொல்லுங்கள்.

மோட்டார்ஹோம் நிறுத்தங்களில் நாணயம் போடும் பெட்டி இருக்கும். ஒரு நாணயத்துக்கு இத்தனை யூனிட் என்று இருந்தால் ஃபிரிட்ஜும் கைப்பேசியும் மட்டும் உள்ளவருக்கு லாபம். ஒரு நாணயத்துக்கு இத்தனை மணி நேரம் என்று இருந்தால் ஹீட்டர் போடுபவருக்கு லாபம். பெட்டியின் மேல் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள். அளவுக்கு மேல் போட்டுவிட்டுக் கிளம்பினால் மிச்சம் அடுத்து வருகிறவருக்கு.

பிரிட்டனில் வாடகைக்குள் அடக்குவதுதான் அதிகம். வீட்டு உபயோகத்துக்கு யூனிட் கணக்கில் மறுவிற்பனை செய்பவர் தாம் வாங்கிய விலைக்கு மேல் லாபம் வைக்கக் கூடாது என்று அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம்மின் விதி இருக்கிறது. வாடகையில் கலந்துவிட்டால் அந்த வரம்பு எட்டாது.

நமக்குப் பழகிய கணக்கு

இதெல்லாம் புதிதாகத் தோன்றலாம். ஆனால் 2018 நவம்பரிலிருந்து 2019 மே வரை இங்கே, மின்சார விற்பனையாளரை நாமே தேர்ந்தெடுக்கும் திறந்த மின்சாரச் சந்தை வட்டாரம் வட்டாரமாக வந்தபோது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் எல்லாரும் இதே யோசனையைச் செய்தோம். நிலையான விலைத் திட்டமா, எஸ்பி நிறுவனத்தின் வழக்கமான கட்டணத்திலிருந்து கழிவு தரும் திட்டமா என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழைய பில்களை எடுத்துப் பார்த்தோம். 2021 இறுதியில் சில விற்பனையாளர்கள் சந்தையை விட்டு விலகியபோது, விலை ஏறும் ஆபத்தை யார் சுமக்கிறார் என்பதும் புரிந்தது. கேம்ப்சைட்டிலும் அதுதான் கேள்வி. வாடகைக்குள் அடங்கிய விலையில் அந்த ஆபத்து முகாம்தளத்துக்காரருடையது, மீட்டரில் நம்முடையது. ஏர்கோன் அதிகம் போடும் வீடு நிலையான விலையைத் தேடியதுபோல, ஹீட்டர் அதிகம் போடும் வண்டியும் வாடகைக்குள் அடங்கிய விலையைத்தான் தேட வேண்டும்.

யாருக்கு எது

டிசம்பரில் நியூசிலாந்துக்குப் போகும் இளம் தம்பதி என்றால் தயக்கமே வேண்டாம். கம்பமில்லாத இடங்களில் தங்குங்கள். மூன்றாவது நான்காவது இரவுக்கு ஒரு தடவை ஹாலிடே பார்க்கில் பவர்டு சைட் எடுத்து, பேட்டரியை முழுக்க நிரப்பி, துணி துவைத்து, தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்புங்கள். மிச்சமாகும் பணத்தில் மில்ஃபோர்ட் சவுண்டில் படகில் போகலாம்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஹாலிடே பார்க்கிலேயே தங்குங்கள், ஆனால் இரண்டு விலையையும் முழுக் குடும்பத்துக்கும் போட்டுப் பாருங்கள். மொத்த வித்தியாசம் பத்து டாலருக்குள் என்றால் பவர்டு எடுத்துவிடுங்கள். இரவில் பால் சூடாக்கவும், மழை நாளில் வண்டிக்குள்ளேயே சமைக்கவும் அந்தப் பத்து டாலர் தகும். இருபதைத் தாண்டினால் நான்-பவர்டு எடுத்துப் பொதுச் சமையலறைக்குப் போங்கள்.

ஜூனில் தென் தீவு என்றால் டீசல் ஹீட்டர் இல்லாத வண்டிக்கு ஒவ்வோர் இரவும் கம்பம் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. டீசல் ஹீட்டர் இருந்தால் இரண்டு இரவு விட்டு ஓர் இரவு எடுக்கலாம். குளிர்காலத்தில் பகல் குறுகியது, சோலார் தகட்டை நம்ப முடியாது, அதனால் முற்றிலும் கம்பமில்லாமல் இருக்கச் சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியாவில் கடும் வெயிலில் ஏர்கோன் இல்லாமல் தூங்க முடியாதவர்களுக்கும் இதே பதில்.

பெற்றோரோடு போகிறவர்கள் மருந்துப் பெட்டியை முதலில் பாருங்கள். இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் போதும், அது எரிவாயுவிலோ பேட்டரியிலோ ஓடினால் கம்பம் இல்லாமலும் சமாளிக்கலாம். ஆனால் அப்பா, தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி வைத்துத் தூங்குகிறவர் என்றால் நிலைமை மாறுகிறது. அதன் ஈரப்பதக் கலனும் ஓடினால் ஓர் இரவுக்கு 0.3 முதல் 0.5 யூனிட் வரை போகலாம், கலனை அணைத்தால் வெகுவாகக் குறையும். கலன் ஓடும் இரவில் 100 ஆம்பியர் மணி ஈய-அமிலப் பேட்டரியின் பயனுள்ள பங்கில் பெரும்பகுதி அதற்கே தீர்ந்துவிடும். 12 வோல்ட் அடாப்டர் வாங்கிவைத்துக்கொள்ளலாம், அது அவசரத்துக்கு. வழக்கமான இரவுகளுக்குக் கம்பம்தான். இதில் விலையைப் பார்த்து யோசிக்க எதுவும் இல்லை. நான்கு பேருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

அந்த இரவுகளைக் கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி முதல் இரு வாரம் வரை நியூசிலாந்துக்காரர்களும் குடும்பத்தோடு கிளம்பும் காலம், கடற்கரை, ஏரிக்கரைப் பார்க்குகளில் கம்பமுள்ள மனைகள்தாம் முதலில் நிரம்பும். பதிவு செய்யும்போது வண்டியின் நீளத்தையும் சொல்லிவிடுங்கள். நீளமான வண்டி ஒதுங்கிய மனையில் நின்றால் கேபிள் கம்பம்வரை எட்டாமல் போகலாம்.